உப்பு ஊரில் கிடைத்த ஒரு மணி நேரம்

ஜெர்மனியின் யேனாவில் நான் தினமும் கடந்துபோன ரயில் நிலையத்துக்குப் ‘பரடீஸ்’ என்று பெயர். சொர்க்கம் என்று பொருள். பக்கத்தில் ஆற்றோரமாக நீளும் பூங்காவின் பெயர் அது. நிலையத்துக்கும் அதையே வைத்துவிட்டார்கள். 2012 அக்டோபரின் கடைசிச் சனிக்கிழமை, விடிந்தும் விடியாத நேரத்தில், அந்த நடைமேடையில் நாங்கள் ஐந்து பேர் கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு நின்றோம். முந்தின நாள்வரை மஞ்சள் இலையும் இளவெயிலுமாக இருந்த ஊர், ஒரே இரவில் குளிருக்குள் போயிருந்தது.

ஐந்து பேர் என்பதற்குக் காரணம் உண்டு. ஜெர்மன் ரயில்வேயில் அப்போது ‘அழகான வாரக்கடைசி’ என்ற பெயரில் ஒரு டிக்கெட் இருந்தது. சனி அல்லது ஞாயிறு, ஒரு நாள் முழுக்க, மெதுவண்டிகளில் மட்டும், ஐந்து பேர் வரை நாட்டில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். பங்கு பிரித்தால் ஆளுக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவு. வெள்ளிக்கிழமை இரவானால் விடுதியில் ஐந்தாவது ஆளைத் தேடிக் கதவு தட்டும் சத்தம் கேட்கும். என் நட்புகளில் பல அந்தக் கதவுத் தட்டலில் தொடங்கியவை. 2019இல் அந்த டிக்கெட்டை நிறுத்திவிட்டார்கள் என்று படித்தபோது, தெரிந்தவர் ஒருவர் காலமான செய்தியைப் போல மனம் கனத்துக் கிடந்தது.

அன்றைய ஐவர்: நான், என்னோடு ஒளியியல் படித்த கும்பகோணத்து நண்பன், உயிரியல் ஆராய்ச்சிக்குக் கொல்கத்தாவிலிருந்து வந்திருந்த தோழி, எங்களில் மூத்தவரான இஸ்ஃபஹான் நகரத்து ஈரானியர், நௌம்பூர்க்கில் பிறந்து வளர்ந்த ஜெர்மன் வகுப்புத் தோழன். ஹாலேவுக்குப் போகலாம் என்று சொன்னது கும்பகோணத்தான். அங்கே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஒரு திருநெல்வேலி அண்ணன் அவனுக்குப் பழக்கம். இரவு படுக்க இடம் கிடைக்கும். வேறு காரணம் எதுவும் இல்லை. ஹாலே பற்றி நான் அறிந்திருந்ததும் சாக்லேட்டும் இசையமைப்பாளர் ஹேண்டலும் மட்டும்தான். தரங்கம்பாடிக்குப் பக்கத்துப் பொறையாறில் வளர்ந்தவன் நான். டேனிஷ் கோட்டை, டேனிஷ் ராஜா என்று டென்மார்க்கின் பெயர்தான் எங்கள் காதில் விழுந்துகொண்டிருக்கும். ஹாலே என்று யாரும் சொல்லிக் கேட்ட நினைவில்லை.

யேனாவிலிருந்து ஹாலே வரை ரயில் பாதை சாலே ஆற்றை விட்டு அதிகம் விலகுவதில்லை. ஆறு போகும் திசையிலேயே நாங்களும் போனோம். டோர்ன்பூர்க்கில் பாறை விளிம்பில் மூன்று மாளிகைகள். பாட் கேசனைத் தாண்டும்போது குன்றின் மேல் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பழைய கோட்டைகள். நௌம்பூர்க்கை நெருங்க நெருங்கச் சரிவெல்லாம் திராட்சைக் கொடி. அந்த நிலையத்தில் வண்டி நின்ற சில நிமிடங்களுக்குள் தோழனின் அம்மா நடைமேடையில் ஓடி வந்தார். துண்டில் சுற்றிய வெங்காயப் பணியாரத் தட்டு ஒன்று, பாட்டில் ஒன்று. பாட்டிலில் அந்தப் பருவத்துப் புதுத் திராட்சை மது. ‘மூடியை இறுக்காதீர்கள், உள்ளே இன்னும் நொதித்துக்கொண்டிருக்கிறது’ என்று அவர் சொல்லி முடிக்கும்முன் கதவு சாத்திக்கொண்டது. மாயவரம் ஜங்ஷனில் ஜன்னல் வழியாகக் கட்டுச்சோற்று மூட்டையை நீட்டும் கைகள் எனக்கு நினைவுக்கு வந்தன. சிந்தாமல் இருக்க ஈரானிய நண்பர் அந்தப் பாட்டிலை ஹாலே வரை கைக்குழந்தை போல நிமிர்த்திப் பிடித்தபடியே வந்தார். அவர் மது அருந்தாதவர்.

யேனாவுக்குப் போன புதிதில், தொலைபேசியில் அப்பாயி என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “ஊருல ஆறு ஓடுதா?” என்பது. காவிரியின் கடைமடையில் வாழ்ந்தவளுக்கு ஊரை அளக்க வேறு அளவுகோல் கிடையாது. “ஓடுது அப்பாயி, வருஷம் முழுக்கத் தண்ணி” என்றேன். “அப்ப பொழச்சுக்கலாம்” என்றாள். ஜன்னலுக்கு வெளியே சாலே கூடவே வந்துகொண்டிருந்தது. பிறகு லொய்னா ரசாயன ஆலை வந்தது. குழாயும் புகைபோக்கியுமாக அது முடிவதற்குள் எங்கள் பணியாரம் தீர்ந்துவிட்டது.

ஹாலே நிலையத்தில் அண்ணன் காத்திருந்தார். ஆறு வருடமாக அங்கே இருந்தும் பேச்சில் தாமிரபரணி குறையவில்லை. “வாங்கல, குளிருக்கு மொதல்ல ஒரு காப்பி” என்று கூட்டிப்போனார்.

ஊரின் நடுவில் பெரிய சந்தைச் சதுக்கம். அதில் ஐந்து கோபுரங்கள். நான்கு, சந்தைத் தேவாலயத்துக்கு உரியவை. முன்பு அந்த இடத்தில் இரண்டு தேவாலயங்கள் இருந்தன. 1529இல் தொடங்கி, கார்டினல் ஆல்பிரெக்ட் இரண்டின் உடலையும் இடித்தார். கோபுரங்களை மட்டும் இரண்டு கோடியிலும் விட்டுவைத்து, நடுவில் புதிதாக ஒரே கூடத்தை எழுப்பினார். மார்ட்டின் லூதரின் சீர்திருத்தக் கலகம் இந்த ஊருக்குள் வந்துவிடக் கூடாது என்ற எண்ணமும் அதில் இருந்தது. கட்டடம் முடிவதற்குள் ஊர் லூதர் பக்கம் போய்விட்டது. 1546இல் ஐஸ்லேபனில் லூதர் இறந்தபோது, விட்டன்பெர்க்குக்கு எடுத்துப்போகும் வழியில் அவர் உடலை இதே தேவாலயத்தில்தான் வைத்திருந்தார்கள். அவருடைய முகத்தின் மெழுகு அச்சு இன்னும் அங்கே இருக்கிறது. நான் அதை அதிக நேரம் பார்க்கவில்லை. ஐந்தாவது, சிவப்புக் கோபுரம். எந்தக் கோயிலோடும் ஒட்டாமல் 84 மீட்டர் உயரத்துக்குத் தனியே நிற்கிறது. 1945இல் அதன் உச்சி எரிந்துபோனது. பின்னர் 1970களில் மறுபடி கட்டினார்கள். இப்போது அதற்குள் 76 மணிகள். நாங்கள் காப்பிக் குவளையோடு நின்றிருந்தபோது அவை ஒலித்தன. சதுக்கத்தில் காய்கறி விற்றுக்கொண்டிருந்தவர்கள் யாரும் தலை நிமிரவில்லை; எங்கள் ஐந்து பேரின் முகம் மட்டும் மேலே இருந்தது.

ஹேண்டல் 1685இல் இந்த ஊரில் பிறந்தவர். ஞானஸ்நானமும் இந்தத் தேவாலயத்தில்தான். பலிபீடத்துக்கு மேலே 1664இல் செய்த சின்ன ஆர்கன் ஒன்று இருக்கிறது. சாஹோ என்ற ஆசிரியரிடம் சிறுவன் ஹேண்டல் பயின்ற காலத்து வாத்தியம், இன்றும் பாடுகிறது. நாங்கள் உள்ளே போனபோது யாரோ அதில் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். ஒரே வரியை நிறுத்தி நிறுத்தி, தவறிய இடத்திலிருந்து மறுபடி மறுபடி. முழுக் கச்சேரி கேட்டிருந்தால் இவ்வளவு நினைவில் தங்கியிருக்காது. கொல்கத்தாத் தோழி பள்ளிக் காலத்தில் ஹேண்டலின் ‘மெசையா’வின் சேர்ந்திசையில் பாடியவள். தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டவள், அந்த வரி தவறாமல் ஒரு தடவை முடியும்வரை நகரவில்லை.

மத்தியானம் உப்பு பார்க்கப் போனோம். ஹாலே உப்பால் பிழைத்த ஊர். நிலத்தடியிலிருந்து கிணறுகளில் ஏறிய உப்புநீரை இறைத்து, பெரிய தட்டையான சட்டிகளில் ஊற்றி, அடியில் தீ மூட்டிக் காய்ச்சி உப்பெடுத்தார்கள். அந்தத் தொழிலாளர்களுக்கு ‘ஹலோரன்’ என்று பெயர். அவர்களுக்கென்று தனிச் சங்கம், தனி உடை, தனி விழா. ஆற்றுத் தீவில் பழைய உப்பாலையே அருங்காட்சியகமாக இருக்கிறது. சட்டியின் விளிம்பில் நின்று நான் வேதாரண்யத்து உப்பளங்களைப் பற்றி நண்பர்களுக்குச் சொன்னேன். பாத்தி கட்டிக் கடல்நீரைப் பாய்ச்சினால் போதும், மீதியை வெயில் பார்த்துக்கொள்ளும். ஜெர்மன் தோழன் வியந்துபோனான். “விறகே வேண்டாமா?” என்றான். வெயில் இல்லாத ஊரில் ஒரு பிடி உப்புக்கு எத்தனை மரம் எரிந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்கும் உறைத்தது.

ஹலோரன்கள் விழா நாளில் அணியும் மேலங்கியில் உருண்டையான வெள்ளிப் பொத்தான்கள் வரிசையாக இருக்கும். அந்தப் பொத்தான் வடிவத்தில்தான் ஊரின் சாக்லேட் உருண்டை. 1804இல் தொடங்கிய ஆலை அது; ஜெர்மனியில் இன்றும் இயங்குபவற்றில் மிகப் பழையது. கடித்தால் உள்ளே பாதி வெள்ளை, பாதி பழுப்பு. ஊருக்கு அனுப்ப நான் இரண்டு டப்பா வாங்கினேன். ஞாயிறு இரவுக்குள் இரண்டும் காலி.

அண்ணன் குடியிருந்தது ஆற்றுக்கு அக்கரையில், ஹாலே நோய்ஷ்டாட்டில். லொய்னா, பூனா ஆலைத் தொழிலாளர்களுக்காக 1964 முதல் கிழக்கு ஜெர்மனி கட்டிய நகரம் அது. கான்கிரீட் பலகைகளைக் கொண்டுவந்து அடுக்கிய குடியிருப்புகள். ஊர்க்காரர்கள் ‘ஹா-நோய்’ என்று சுருக்கிக் கூப்பிடுவார்கள். வியட்நாமின் ஹனோய் போலவே காதில் விழும். அந்தக் காலத்தில் அங்கே தெருக்களுக்குப் பெயரே கிடையாது, கட்டட எண் மட்டும்தான் முகவரி என்றார் அண்ணன். ஒன்பதாம் மாடி. ஒரே அறை. அன்றிரவு அதில் ஆறு பேர். கும்பகோணத்தான் ரசம் வைத்தான். ஈரானியர் குங்குமப்பூவைக் கல்லில் நுணுக்கிச் சோற்றில் கரைத்துவிட்டார். அடிப்பாகம் பொன்னிறமாகக் காந்திய அந்தச் சோற்றைத் தட்டில் கவிழ்த்தபோது எல்லோரும் கை தட்டினோம். ரசமும் குங்குமப்பூச் சோறும் சேர்த்துப் பிசைந்து சாப்பிட்ட அந்த ருசியைப் பிற்பாடு இரண்டு மூன்று தடவை வீட்டில் செய்து பார்த்தேன். வரவில்லை.

பேச்சு எங்கெங்கோ போய்க்கொண்டிருந்தது. நான் பொறையாறு என்று சொன்னதும் அண்ணன் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

“பொறையாறா? தரங்கம்பாடிப் பக்கமா? ஏலே, உங்க ஊரு சாமானெல்லாம் இங்கனதான கெடக்கு! தெரியாதா?”

“என்ன சாமான் அண்ணே?”

“நாளைக்குக் காலைல போவோம். நான் சொன்னா நம்பமாட்ட.”

அன்றிரவு கோடைக்கால நேரம் முடிகிற இரவு. அதிகாலை மூன்று மணிக்குக் கடிகாரத்தைத் திரும்ப இரண்டு மணிக்குத் தள்ளிவைப்பார்கள். நாங்கள் விழித்துத்தான் இருந்தோம். சரியாக மூன்றடிக்கும்போது தோழி எழுந்து சுவர்க் கடிகாரத்தின் முள்ளைத் திருப்பினாள். “இது ஹாலே நமக்குக் கொடுத்த மணி நேரம்” என்றாள். ஒன்பதாம் மாடி ஜன்னலுக்கு வெளியே நகரத்தின் விளக்குகள். அந்த ஒரு மணி நேரம் முழுக்க அவள் பாடினாள், வங்காளப் பாட்டுகள். பொருள் புரிந்தது அவளுக்கு மட்டும்தான். யாரும் தூங்கவில்லை.

ஞாயிறு காலை டிராமில் இக்கரைக்கு வந்து ஃபிராங்கே பிளாட்ஸில் இறங்கினோம். தலைக்கு மேலே கான்கிரீட் மேம்பாலம். அதன் ஓரத்தில், கார்களின் இரைச்சலுக்குக் கீழே, வெளிர்நிறச் சுவரும் வரிசை ஜன்னல்களுமாக ஒரு பெரிய மாளிகை. முகப்பின் முக்கோணத்தில் சூரியனை நோக்கிப் பறக்கும் இரண்டு கழுகுகள். அனாதை இல்லம் என்றார் அண்ணன். என்னால் நம்ப முடியவில்லை. அரண்மனை போல இருந்தது.

ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே, ஹாலேவுக்கு வெளியே கிளௌகா என்ற ஏழைக் குடியிருப்பில் போதகராக இருந்தவர். 1695இல் அவர் வீட்டுக் காணிக்கைப் பெட்டியில் ஒரு நாள் நான்கு தாலரும் பதினாறு குரோஷனும் கிடந்தன. அதைக் கொண்டு ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கினார். 1698இல் இந்த மாளிகைக்கு அடிக்கல். சொந்த மருந்தகம், அச்சகம், புத்தகக் கடை என்று வருமானத்துக்கு வழி செய்துகொண்டார். இங்கே செய்த மருந்துகள் தூர தேசங்களுக்கெல்லாம் போயின. 1727இல் அவர் இறந்தபோது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இங்கே படித்துக்கொண்டிருந்தார்கள். உள்முற்றத்தின் ஓரமாக உயரமான மரச்சட்ட வீடுகள் நீண்டு போகின்றன. கிழக்கு ஜெர்மனி நாட்களில் கூரை ஒழுகி, சுவர் பெயர்ந்து, பாதி பாழாகிக் கிடந்ததாம். 1990க்குப் பிறகு பௌல் ராபே என்ற நூலகர் முன்னின்று காப்பாற்றினார். ஓய்வு பெற்ற வயதில் அவர் எடுத்த வேலை அது. அவர் இருந்திராவிட்டால் அன்றைக்கு எனக்குப் பார்க்க எதுவும் இருந்திருக்காது.

மாளிகையின் உச்சி மாடியில், கூரைக்கு அடியில், ஒரு நீண்ட அறை. பிள்ளைகள் உலகத்தைக் கண்ணால் பார்த்துக் கற்க வேண்டும் என்று உலகமெங்கும் இருந்து சேர்த்த பொருட்கள் வண்ண அலமாரிகளில் இருக்கின்றன. உத்தரத்திலிருந்து ஒரு முதலை தொங்குகிறது. சங்கு, கல், பாம்பு, செருப்பு, கப்பல் பொம்மை. ஒவ்வொரு அலமாரியின் உச்சியிலும் உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டும் ஓவியம். 1741 வாக்கில் கிருண்ட்லர் என்ற ஓவியர் தீட்டியவை. நண்பர்கள் முதலைக்குக் கீழே நின்றிருந்தார்கள். அண்ணன் என் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

கண்ணாடிக்குப் பின்னால் பனையோலை ஏடுகள். தமிழ்.

அந்த அறையில் ஓலையைக் கண்டதும் எனக்கு முதலில் வந்தது பெருமிதம் இல்லை. திருவிழாக் கூட்டத்தில் வீட்டு ஆளை எதிர்பாராமல் பார்த்துவிட்ட பரபரப்பு. குனிந்து படிக்க முயன்றேன். படிக்க வரவில்லை. ஓலையில் எழுதுபவர்கள் புள்ளி வைக்கமாட்டார்கள், ஓலை கிழிந்துவிடும். எகர ஒகரங்களில் நெடிலும் குறிலும் ஒரே உருவம். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையில் இடம் கிடையாது. பள்ளியில் தமிழில் முதல் மதிப்பெண் வாங்கியவன், என் மொழியின் முன்னால் எழுத்துக் கூட்டிக்கொண்டு நின்றேன். அறையைக் கவனித்துக்கொண்டிருந்த வயதான பெண்மணி அருகில் வந்து மெதுவாகக் கேட்டார்: “இதை உங்களால் படிக்க முடியுமா?”

“கொஞ்ச நேரம் கொடுங்கள்” என்றேன்.

அவர் போகவில்லை, நின்றார். கும்பகோணத்தானும் வந்து சேர்ந்தான். இருவரும் தலையை ஒட்டி வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் பார்த்தோம். ‘ம’, ‘ரு’, ‘ந’, ‘து’. மருநது. அவன்தான் முதலில் சொன்னான்: “டேய், மருந்து!” நான் அந்த அம்மாளிடம் ஜெர்மனில் சொன்னேன். அவர் அந்தச் சொல்லைத் தமிழில் சொல்லக் கேட்டு, இரண்டு தடவை தாமும் சொல்லிப் பார்த்தார். ‘மருந்து, மருந்து.’ அவருடைய ‘ரு’ தொண்டையிலிருந்து வந்தது.

அப்பாயியின் தகப்பனார் நாட்டு வைத்தியர். மாயவரத்துக்கு மேற்கே காவிரிக்கரையில் வீடு. பரணில் இரண்டு கட்டு ஓலைச்சுவடி இருந்ததாம். அவர் இறந்த பிறகு வீட்டில் யாருக்கும் அதைப் படிக்கத் தெரியவில்லை. கரையான் ஏறத் தொடங்கியதும், ஒரு ஆடிப்பெருக்கன்று மஞ்சள் குங்குமம் இட்டு, பூச்சுற்றி, ஆற்றில் விட்டுவிட்டார்கள். தூக்கிப்போடவில்லை, மரியாதையாக, தெய்வத்தை அனுப்புவதுபோலத்தான் விட்டார்கள். அப்படித்தான் அந்த நாளில் வழக்கம். அப்போது அப்பாயிக்கு எட்டு வயது. கட்டு மூழ்காமல் நெடுந்தூரம் மிதந்து போனதைப் படித்துறையில் நின்று பார்த்ததாகச் சொல்வாள். சின்ன வயதில் அதை ஒரு கதையாகத்தான் கேட்டிருந்தேன். ஹாலேவின் உச்சி மாடியில் நின்றபோதுதான் அது இழப்பு என்று தெரிந்தது.

அன்று வாங்கிய இரண்டு புத்தகங்களும், அதன்பின் பல வருடம் தேடிப் படித்தவையும் சேர்ந்து, எனக்குள் ஒரு மனிதர் உருவானார். சீகன்பால்கு என்று எங்கள் ஊர் அழைக்கும் பார்த்தலோமேயு சீகன்பால்க், இந்த ஹாலேவில் படித்தவர். டென்மார்க் மன்னர் நான்காம் ஃபிரெடெரிக் அனுப்பி, 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்திறங்கினார். ஏறத்தாழ இருபத்து நான்கு வயது. வயதான வாத்தியார் ஒருவரைப் பள்ளியோடு தன் வீட்டுக்கே வரவழைத்து, பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். இரண்டே வருடத்தில், தான் சேர்த்த தமிழ் ஏடுகளுக்கு ஒரு பட்டியல் எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். திருக்குறள் அதில் இருக்கிறது. இங்கே ஹாலேவில் தமிழ் எழுத்துகளை ஈயத்தில் வார்த்துக் கப்பலேற்றினார்கள். அந்த எழுத்துகள் மிகப் பெரியவை, காகிதத்தை விழுங்கின. அதனால் தரங்கம்பாடிப் பக்கமே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். காகிதம் செய்யப் பொறையாறில் ஒரு பட்டறை போட்டார்கள்.

இதைப் படித்த நாளில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அறைக்குள் நடந்தேன். எங்கள் ஊரில் ஒரு இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்று பெயர். பிறந்ததிலிருந்து நான் சொல்லிவந்த பெயர். சைக்கிளில் ஆயிரம் தடவை கடந்துபோயிருப்பேன். கடுதாசி என்ன, பட்டறை என்ன என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

சீகன்பால்கின் நோக்கம் மதமாற்றம். அதில் எனக்கு மயக்கம் எதுவும் இல்லை. ஆனால் அவர் கேட்டார், கேட்டதை எழுதினார். தமிழர்கள் வணங்கும் தெய்வங்களைப் பற்றி 1713இல் ஒரு பெரிய நூல் எழுதி ஹாலேவுக்கு அனுப்பினார். ஃபிராங்கே அச்சிட மறுத்துவிட்டார். அந்த நம்பிக்கைகளை வேரறுக்கத்தான் அனுப்பினோம், ஐரோப்பாவில் பரப்ப இல்லை என்பது அவர் எண்ணம். நூல் அச்சேறியது 1867இல், சென்னையில். ஒன்றரை நூற்றாண்டு! ஃபிராங்கே மறுத்தது தவறு என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அவர் அந்தப் பிரதியைக் கொளுத்திவிடவில்லை. அதற்காக அவரை வணங்கலாம்.

இதைவிட என்னைப் பிடித்துக்கொண்டது வேறொன்று. 1712 முதல் 1714 வரை, தரங்கம்பாடி வட்டாரத்துத் தமிழர்களிடம் கேள்விகள் அனுப்பிப் பதில் கடிதங்கள் வாங்கினார்கள். ஜெர்மனில் மொழிபெயர்த்து ஹாலேவில் அச்சிட்டார்கள். மொத்தம் 99 கடிதங்கள். மருத்துவம், பள்ளிக்கூடம், நாள் கணக்கு, தெய்வம், திருமணம் எல்லாவற்றையும் பற்றிப் பொறுமையாக எழுதியிருக்கிறார்கள். நீங்கள் ஏன் எங்கள் மதத்துக்கு வருவதில்லை என்று கேட்டதற்கு, உங்கள் ஆட்கள் குடிப்பதையும் நடந்துகொள்வதையும் பார்க்கிறோமே என்று நேராகவே பதில் வருகிறது. எழுதியவர்களின் பெயர் அச்சில் இல்லை. எங்கள் ஊர்த் திண்ணைகளில் உட்கார்ந்திருந்த யாரோ. அவர்கள் கைப்பட எழுதிய பேச்சு, முன்னூறு வருடத்துக்கு முன்பே சாலே நதிக்கரைக்கு வந்துவிட்டது. 1714இல் சீகன்பால்க் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டபோது மலையப்பன் என்ற தமிழரும் கூடவே கப்பலேறினார். அவர் பெயராவது நமக்குத் தெரியும். என் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள்ளும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன். 1716இல் ஹாலேவில் அச்சான தமிழ் இலக்கணம், லத்தீன் மொழியில் விளக்கியது, சீகன்பால்கின் பெயரில் இருக்கிறது. அவர் 1719இல் முப்பத்தாறு வயதில் இறந்து, தரங்கம்பாடிப் புதிய எருசலேம் தேவாலயத்துக்குள் கிடக்கிறார். பள்ளி நாட்களில் அந்தக் கல்லறையின் பக்கத்தில் எத்தனை தடவை நின்றிருப்பேன்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை இதெல்லாம் எனக்குத் தெரியாது. அண்ணன் சொன்ன நாலு வரியும், நான் கண்டெடுத்த ஒரு சொல்லும்தான் கையில் இருந்தன. கூரைக்கு மேலே ஒரு மாடம் இருக்கிறது, ஏறினோம். குளிர்ந்த வெயில். நேற்றுப் பார்த்த ஐந்து கோபுரங்களும் ஒரே வரிசையில் தெரிந்தன. ஈரானிய நண்பர் என் பக்கத்தில் வந்து நின்றார். நான் பேசாமல் இருப்பதை அவர் கவனித்திருக்க வேண்டும். தன் ஊர்ப் பொருட்களையும் லண்டனிலும் பாரிஸிலும் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்திருக்கிறேன் என்றார். “முதல் தடவை கோபம் வரும். இரண்டாம் தடவை, தூசி தட்டி வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பாய்.” பிறகு தன் கழுத்துத் துண்டை எடுத்து என் கழுத்தில் சுற்றிவிட்டார். அதை நான் திருப்பிக் கொடுக்கவே இல்லை. இன்றும் பீரோவில் இருக்கிறது.

திரும்பும் வண்டியில் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிவிட்டார்கள். நௌம்பூர்க்கில் தோழனின் அம்மா மறுபடி நடைமேடையில் நின்றார், தட்டை வாங்கிக்கொள்ள. கழுவாமல் கொடுக்கிறோமே என்று தோழி வருந்தினாள்.

அடுத்த கோடைக்குள் நாங்கள் கலைந்துவிட்டோம். கும்பகோணத்தான் அமெரிக்கா போனான். தோழி கனடாவில், அவளுக்கு இப்போது பாடும் பழக்கம் விட்டுப்போய்விட்டது என்று எழுதியிருந்தாள். ஈரானிய நண்பர் ஊர் திரும்பினார். சில வருடம் புத்தாண்டு வாழ்த்து வரும், பின்பு நின்றுவிட்டது. ஜெர்மன் தோழன் நௌம்பூர்க்கிலேயே பள்ளி ஆசிரியர். அண்ணன் பாளையங்கோட்டையில் பேராசிரியர். ஆறு பேரும் மறுபடி ஒரே அறையில் இருந்ததே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, யேனாவில் அறைக்கு வந்து, தூக்கம் வராமல், நள்ளிரவில் ஊருக்குப் போன் செய்தேன். முந்தின நாள்வரை யேனாவுக்கும் ஊருக்கும் மூன்றரை மணி நேர இடைவெளி; அன்றிலிருந்து நாலரை. பொறையாறில் விடியற்காலை நாலரை மணி. அப்பாயி வாசல் தெளிக்க எழுந்திருப்பாள் என்று தெரியும்.

எல்லாம் சொன்னேன். அனாதைப் பிள்ளைகளின் மாளிகை, முதலை, கண்ணாடி, ஓலை, மருந்து என்ற சொல். அவள் குறுக்கே பேசவில்லை. வாளியைக் கீழே வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

“எத்தன வருஷத்து ஏடு?”

“முன்னூறு வருஷம் இருக்கும் அப்பாயி.”

“கரையான் அரிக்கலயே?”

“இல்ல. நல்லாத்தான் இருக்கு.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“எண்ண தடவி வக்கிறாங்களா? எங்கப்பா வருஷத்துக்கு ஒருக்கா தடவுவாரு. மஞ்சளும் அரச்சுப் பூசுவாரு. இல்லாட்டி ஒடிஞ்சு போயிரும்.”

“தெரியலயே அப்பாயி.”

“கேக்காம வந்துட்டியா?” என்றாள். “மறுக்கப் போறப்ப கேட்டுட்டு வா.”